பத்து எபிசோடுக்கு ஒரே ஒரு முத்தமான்னு கேக்குறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க சினிமா பக்கத்துல தாய்லாந்து சீரிஸ் பத்தி வந்த கட்டுரையும், அதுக்கப்புறம் வாசகர் பகுதில வந்த ரெண்டு கடிதமும் படிச்சேன். ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற கதைய கிண்டல் கேலி இல்லாம எழுதியிருந்தீங்க, அதுக்கு முதல்ல நன்றி, ஏன்னா நம்ம ஆளுங்க இந்த விஷயம்னா ஒண்ணு நக்கல் அடிப்பாங்க இல்ல சமூக சீரழிவுன்னு ஆரம்பிச்சுடுவாங்க. ஆனா கட்டுரை எழுதுனவரு 'எ டேல் ஆஃப் தௌசண்ட் ஸ்டார்ஸ்' தொடர ஆமை வேகம்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. அதுக்கு கடிதம் போட்ட ஒருத்தர் பத்து எபிசோடு உக்காந்து பாத்ததுக்கு கடைசில ஒரே ஒரு முத்தமான்னு கேட்டிருந்தாரு. இன்னொருத்தர், அதனாலதான் இது கண்ணியமான தொடர், குடும்பத்தோட பாக்கலாம்னு சர்டிபிகேட் குடுத்திருந்தாரு. எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம்தான். திட்டுறவரும் சரி பாராட்டுறவரும் சரி, கைல வச்சிருக்கிறது ஒரே அளவுகோல், முத்தம் எத்தனாவது எபிசோடுல வருது, எத்தன வருது, அவ்வளவுதான். ஒருத்தர் பத்தலங்கிறாரு, இன்னொருத்தர் அப்பாடா தப்பிச்சோம்ங்கிறாரு. கதைய ரெண்டு பேருமே பாக்கல.

இதுக்கு மேல கதைய சொல்லித்தான் ஆகணும், பாக்கணும்னு வச்சிருக்கிறவங்க இந்தப் பக்கத்த மடிச்சு வச்சுட்டு அப்புறமா வாங்க.

தியான்னு ஒரு பணக்கார வீட்டுப் பையன். இதயத்துல நோய், எப்படியும் சாகத்தான போறோம்னு எதையும் யாரையும் மதிக்காம சுத்துறவன். அவனுக்கு இதய மாற்று ஆபரேஷன் நடக்குது. அந்த இதயம் டோர்ஃபுன்னு ஒரு பொண்ணோடது, மலை கிராமத்துல பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்க தானா முன்வந்து போன டீச்சர், விபத்துல இறந்து போயிட்டா. அவ டைரி இவன் கைக்கு வருது. படிக்கப் படிக்க மனசு கேக்காம, அவ விட்ட எடத்துல இருந்து நாம தொடரலாம்னு வடக்குத் தாய்லாந்து மலைல இருக்கிற அந்த பா பன் தாவ் கிராமத்துக்கு வாத்தியாரா கெளம்பிப் போறான். தன் நெஞ்சுக்குள்ள துடிக்கிறது யாரோட இதயம்னு அங்க யாருக்கும் சொல்லல. அங்கதான் ஃபாரஸ்ட் ஆபீசர் பூபா இருக்காரு. அந்த டீச்சர் டைரில ஆசையா எழுதி வச்சிருந்த ஆளே அவருதான்.

இப்ப சொல்லுங்க, இந்தக் கதைல மூணாவது எபிசோடுல முத்தம் வந்தா அது என்னவா இருக்கும்? தியானுக்கு ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, இந்த மனுஷன பாத்தா எனக்கு படபடங்குதே, இது நானா இல்ல செத்துப்போன அந்தப் பொண்ணோட மிச்சமா. ரெண்டாவது, உண்மை தெரிஞ்சா இவரு என்னைய பாப்பாரா இல்ல என் உடம்புக்குள்ள அவளத் தேடுவாரா. இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம, வாய்க்குள்ள அவ்வளவு பெரிய பொய்ய வச்சுக்கிட்டு முத்தம் குடுத்தான்னா அதுக்குப் பேரு ஏமாத்து வேலை. பாக்குறவங்களுக்கு கிளுகிளுப்பா இருக்கும்தான், ஆனா அதுக்கப்புறம் உண்மை வெளிய வர்றப்ப பூபா மேல நமக்கு வர வேண்டிய பரிதாபமும் தியான் மேல வர வேண்டிய கோவமும் எல்லாம் வேற மாதிரி கெட்டுப் போயிருக்கும். டைரக்டர் நொப்பர்னாச், செல்லமா ஆஃப்னு கூப்பிடுவாங்க, இத நல்லா கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்காரு. சும்மா இழுத்ததா எனக்கு எங்கயும் தோணல.

பூபாவும் லேசுப்பட்ட ஆளு இல்ல. வாயத் தொறந்தா நாலு வார்த்தை, அதுல மூணு அதட்டல். பட்டணத்துப் பையன் ரெண்டு நாள் தாங்க மாட்டான், பெட்டிய கட்டிட்டு ஓடிடுவான்னு நெனச்சவரு, அவனுக்கு ஒண்ணுன்னா முதல்ல வந்து நிக்கிறாரு, வந்து நின்னுட்டு கோச்சுக்கவும் செய்றாரு. பூபாவா நடிச்ச எர்த் பிரபத் இந்த வேஷத்துல மூஞ்சிய ரொம்ப அசைக்கவே மாட்டாரு, நெறைய பேர் இவருக்கு நடிக்கத் தெரியலன்னு கூட சொன்னாங்க, எனக்கென்னவோ அந்த அசையாத மூஞ்சிதான் சரின்னு பட்டுச்சு, தியான் பேசிட்டு திரும்புனதுக்கு அப்புறம் ஒரு நொடி லேட்டா அவரு கண்ணு மட்டும் அவன் பின்னாலயே போகும் பாருங்க, அத செல்போன நோண்டிக்கிட்டே பாத்தா விட்டுடுவீங்க. தியானா நடிச்ச மிக்ஸ் சஹபாப் அதுக்கு நேர் எதிரு, எல்லாத்தையும் மூஞ்சிலயே காட்டிடுவாரு. ஒருத்தரு மூடுன கதவு, இன்னொருத்தரு தொறந்த வீடு, அதனாலதான் ரெண்டு பேரும் பக்கத்துல நின்னாலே நமக்கு என்னமோ பண்ணுது.

அந்த ஊருல ஒரு நம்பிக்கை, வருஷத்தோட கடைசி ராத்திரி மலை உச்சில நின்னு ஆயிரம் நட்சத்திரம் எண்ணுனா நெனச்சது நடக்கும்னு. தலைப்பே அங்க இருந்துதான் வருது. ஆயிரம் நட்சத்திரம் எண்ணுறதப் பத்தின கதைய பாத்துட்டு ஏன் சார் இவ்வளவு ஸ்லோன்னு கேக்குறாங்க, என்னத்த சொல்ல.

நடுவுல கிராமத்து கதை வேற இருக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, தேயிலை விக்கிறதுல ஜனங்க ஏமாறுறது, அத இவன் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது, காட்டுல மரம் வெட்டுற கும்பல். இந்த வில்லன் சமாச்சாரம் கொஞ்சம் பழைய பட வாடைதான், அத நான் மறுக்கல. அந்த எடங்கள்ல நானும் கொட்டாவி விட்டேன். ஆனா வகுப்புல நிக்கிற தியான மட்டும் கவனிச்சுப் பாருங்க, முதல்ல பிள்ளைங்க கிட்ட எப்படிப் பேசுறதுன்னே தெரியாம நிக்கிறவன், கொஞ்சம் கொஞ்சமா அதுங்க பேர் சொல்லிக் கூப்பிட்டு, அதுங்களுக்காக பெரியவங்க கிட்ட சண்ட போடுற அளவுக்கு போறான். காதல் அங்கதான் நடக்குது. பூபா விழுறதும் அத பாத்துத்தான், நாமளும் அப்படித்தான் விழுறோம். இத ரெண்டு எபிசோடுல சுருக்குனா அழகான பையன பாத்து ஆபீசர் மயங்குனாருங்கிற கதைதான் மிஞ்சும், அதுக்கு எதுக்கு மலை, எதுக்கு டைரி.

இன்னொரு விஷயம், இத எப்படிப் பாக்குறாங்கங்கிறதும் இருக்கு. இது 2021 ஜனவரி 29-ல இருந்து ஏப்ரல் 2 வரைக்கும் வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணுன்னு ஒளிபரப்பான தொடர். வாரத்துக்கு ஒரு எபிசோடு பாத்து, மிச்ச ஆறு நாள் அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம், அவன் ஏன் அப்ப திரும்பிப் பாக்கலன்னு மண்டைய உடைச்சுக்கிட்டவங்களுக்கு கெடச்ச அனுபவம் வேற. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியக்காலைக்குள்ள மொத்தத்தையும் முழுங்குனவங்களுக்கு கெடைக்கிறது வேற. ஒரே மூச்சுல பாத்தா மூணாவது எபிசோடு ஏக்கமும் நாலாவது எபிசோடு ஏக்கமும் ஒண்ணு மாதிரியே தெரியும், நடுவுல நாம எதுவுமே ஏங்கலையே. இந்தத் தொடர எடுத்த ஜிஎம்எம்டிவி கம்பெனி யூடியூப்ல ஒவ்வொரு எபிசோடையும் நாலு துண்டாப் போடும், நாலுல ஒண்ணு, நாலுல ரெண்டுன்னு நம்பர் போட்டு. தெரிஞ்சவங்க நெறைய பேரு என்ன பண்றாங்கன்னா நேரா நாலாவது துண்டுக்கு போயிடுறாங்க, முக்கியமானது அங்கதான் வரும்னு, அங்க ஒண்ணும் நடக்கலன்னா உடனே போர். பந்தில பாயசம் வந்துச்சான்னு மட்டும் எட்டிப் பாத்துட்டு இலைய மூடிட்டு எந்திரிச்சவங்க சாப்பாடு நல்லா இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கு இது.

அதுக்காக மெதுவா போற எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல வரல. தாய் தொடர்கள்ல இழுவைன்னா இழுவை, அப்படி ஒரு இழுவை இருக்கு. உருக்கமான சீன் போயிட்டிருக்கும், திடீர்னு ஹீரோ ஒரு சிப்ஸ் பாக்கெட்ட லேபிள் கேமராவுக்கு தெரியுற மாதிரி புடிச்சுக்கிட்டு இது எவ்வளவு மொறுமொறுன்னு இருக்கு தெரியுமான்னு நண்பன் கிட்ட கேப்பான், இல்லன்னா மூஞ்சிக்கு க்ரீம் தடவுவான். போன எபிசோடு காட்சியவே மறுபடி ஃப்ளாஷ்பேக்னு அஞ்சு நிமிஷம் ஓட்டுவாங்க. ஹீரோவோட நண்பர்கள் கேன்டீன்ல உக்காந்து நாம ஏற்கனவே பாத்ததையே திரும்பப் பேசுவாங்க. பன்னெண்டு எபிசோடுக்கு கான்ட்ராக்ட் போட்டாச்சு, கதை எட்டுக்குத்தான் இருக்குன்னா வேற என்ன செய்வாங்க. இதுல பதினோராவது எபிசோடு சாபம்னு ஒண்ணு ரசிகர்கள் நடுவுல ரொம்ப பிரபலம், அதாவது நல்லா போயிட்டிருக்கிற ஜோடி கரெக்டா பதினொண்ணுல ஒண்ணுமில்லாத காரணத்துக்கு பிரிஞ்சு, பன்னெண்டுல அழுதுட்டு சேந்துடும். வாய விட்டு ரெண்டு வார்த்தை பேசுனா தீந்து போற பிரச்சனைக்கு ஒரு மணி நேரம். இதத் திட்டுங்க, நானும் சேந்து திட்டுறேன்.

வித்தியாசம் எங்கன்னா, தடுக்கிறது எது அப்படிங்கிறதுல இருக்கு. அந்த ஆளுக்குள்ளயே ஏதோ ஒண்ணு தடுக்குது, அது கரையிறதுக்கு நேரம் வேணும்னா நான் எத்தன எபிசோடு வேணா காத்திருப்பேன். வெளிய இருந்து பழைய காதலி வந்தா, செல்போன்ல வேற யாரோ போட்டோ அனுப்புனா, அதனால தடைன்னா எனக்கு பொறுமை கெடையாது.

2020-ல பூட்டி வச்ச வீட்டுக்குள்ள எல்லாரும் கெடந்தப்ப வந்த '2கெதர்' தொடர எடுத்துக்குங்க, இந்த மாதிரி தொடர்களுக்குள்ள பாதிப் பேரு நுழைஞ்சதே அந்த வாசல் வழியாத்தான். தன் பின்னால சுத்துற ஒருத்தன விரட்டுறதுக்காக டைன், சாரவாட்ட பொய்க்காதலனா நடிக்கச் சொல்றான். அந்த ரெண்டு வேஷத்துல வந்த பிரைட்டும் வின்னும் அவ்வளவு அழகு, ஆரம்பம் அவ்வளவு ஜாலி. ஆனா நெஜமாவே காதலிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அந்தத் தொடருக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல, ரெண்டு பேரும் ரூம்மேட் மாதிரி சுத்துறாங்க. அங்க முத்தம் இல்லன்னு வந்த புகார் நியாயமான புகார், ஏன்னா அந்தக் கதைல அவங்கள தடுக்க ஒண்ணுமே இல்ல, தொடர எடுத்தவங்கதான் தயங்குனாங்க. கதாபாத்திரம் தயங்குனா அது கதை. எடுக்கிறவங்க தயங்குனா பாக்குறவங்களுக்கு உடனே தெரிஞ்சு போயிடும்.

இதே ஆஃப் டைரக்ட் பண்ணுன 'பேட் படி' 2021 அக்டோபர் கடைசில ஆரம்பிச்சுது. பாட், பிரான் ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து வீடு, ரெண்டு குடும்பமும் கட்டட சாமான் கடை வச்சிருக்கு, ஜென்மப் பகை. காலேஜ்லயும் ஒருத்தன் இன்ஜினியரிங் கூட்டத்துக்கு தலைவன், இன்னொருத்தன் ஆர்க்கிடெக்சர் கூட்டத்துக்கு. சின்ன வயசுல இருந்தே பிரானுக்கு அவன் மேல இருக்கிற ஆசை வெளிய சொல்ல முடியாத ஆசை. அஞ்சாவது எபிசோடு மொட்டமாடி முத்தம் வந்தப்ப மெதுவாத்தான் போகும்னு உக்காந்திருந்தவங்க எல்லாரும் கத்திட்டோம், பாதில கூட வரலையே அதுக்குள்ளயான்னு. அந்த ஒரு சீன பாக்கணும், ரெண்டு பேரும் சண்ட போடுறாங்களா காதல சொல்றாங்களான்னே தெரியாது, முத்தம் முடிஞ்சதும் பிரான் அழுதுட்டு எந்திரிச்சுப் போறான். முத்தம் வந்துட்டா கதை முடிஞ்சுதுன்னு நெனக்கிறவங்களுக்கு அங்கயே பதில் இருக்கு, அந்தத் தொடர்ல கதை அதுக்கப்புறம்தான் சூடு புடிக்குது. பதினோராவது எபிசோடுக்கு எல்லாரும் பயந்துக்கிட்டு இருந்தா, பசங்க வீட்ட விட்டு ஓடிப் போயி கடலோரத்துல நிம்மதியா இருக்கிறத காட்டி எல்லார் வாயையும் அடைச்சாரு மனுஷன்.

ஆனா அதோட முடிவுக்கு வந்த ரியாக்‌ஷன்தான் எனக்கு இன்னும் மறக்கல. வருஷக்கணக்கா ஆனப்புறமும் பாட், பிரான் ரெண்டு பேரும் வீட்டுக்கு முன்னாடி பிரிஞ்சுட்ட மாதிரியே நடிச்சு, உள்ள காதல காப்பாத்திக்கிட்டு இருக்காங்க. பெத்தவங்களுக்கும் அரசல்புரசலா தெரியும், தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காங்க. நெறைய பேருக்கு இது புடிக்கல, ஏன் ஒளிஞ்சு வாழணும், அப்பா காலுல விழுந்து மன்னிப்பு கேக்குற சீன் எங்க, கட்டிப்புடிக்கிற சீன் எங்கன்னு கேட்டாங்க. அந்தத் தொடர் ஓடிக்கிட்டு இருந்தப்பதான், 2021 நவம்பர் 17, தாய்லாந்து அரசியல் சாசன கோர்ட்டு கல்யாணம்னா ஆணுக்கும் பொண்ணுக்கும்தான்னு இருந்த சட்டம் சரிதான்னு தீர்ப்பு சொல்லுச்சு. டிவில பசங்க கை கோத்துக்கிட்டு நடக்குறாங்க, நாட்டுல அவங்க போயி கையெழுத்து போட்டு பதிவு பண்ண முடியாது. அப்ப அந்த முடிவ கோழைத்தனம்னு சொல்றது ஈஸி. எனக்கு அது ரொம்ப நேர்மையா பட்டுச்சு, ரெண்டு பேரும் தோத்துட்ட மாதிரி ஊருக்கு காட்டிக்கிட்டு உள்ள ஜெயிச்சு வச்சிருக்காங்க. அப்புறம் 2024 மார்ச் 27 கீழ்சபைல 400 பேரு ஆதரவா ஓட்டு போட்டாங்க, எதிர்ப்பு 10 பேரு, ஜூன்ல செனட்டும் ஒத்துக்கிச்சு, 2025 ஜனவரி 23-ல இருந்து அங்க ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கலாம், தென்கிழக்கு ஆசியாவுலயே முதல் நாடு. இந்த சீரிஸ்களாலதான் சட்டம் வந்துச்சுன்னு சிலர் பெருமையா சொல்றாங்க, அது கொஞ்சம் ஓவர், ரோட்டுல கொடி புடிச்சவங்களும் வருஷக்கணக்கா மனு போட்டவங்களும் எங்க போறது. ஆனா 'நாட் மீ' தொடர்ல அந்தப் போராட்டத்தையே, பெரிய வானவில் கொடியோட கதைக்குள்ள கொண்டு வந்தாங்க, அத டைரக்ட் பண்ணுன அனுச்சா பூன்யவதனா ஒரு திருநங்கை.

இப்ப அந்த கண்ணியம்னு எழுதுன வாசகருக்கு வர்றேன். அவரு நல்ல மனசோடதான் சொல்லியிருக்காரு, சந்தேகமில்ல. ஆனா முத்தம் இல்லாததால கண்ணியம்னா, முத்தம் இருந்தா அசிங்கம்னு ஆகுது. ஆணும் பொண்ணும் காதலிக்கிற படத்துல டூயட்டுல என்னென்னமோ நடக்குது, அத யாரும் கண்ணியத் தராசுல வைக்கிறதில்ல. இவங்க மட்டும் தொடாம தள்ளி நின்னு பெருமூச்சு விட்டுக்கிட்டு இருந்தாத்தான் நாம ஏத்துக்குவோமா? அந்த ஆதரவு எனக்கு வேணாம். அவருக்கு ஒண்ணு சிபாரிசு பண்றேன், 2023-ல வந்த 'மூன்லைட் சிக்கன்', எட்டே எபிசோடு, இதே எர்த், மிக்ஸ், இதே ஆஃப்.

பட்டாயாவுல ராத்திரிக் கடையா கோழிச்சோறு விக்கிற ஜிம், நடுத்தர வயசு, தலைக்கு மேல கடன். குடிச்சுட்டு வர்ற வென்னோட முதல் எபிசோடுலயே படுக்கைல இருக்காங்க. அப்ப இதுல மெதுவா நடக்க என்ன மிச்சம் இருக்குன்னு கேப்பீங்க. எல்லாமே மிச்சம் இருக்கு. வென் இன்னும் பழைய காதலனோட ஒரே வீட்டுல இருக்கான், முறிஞ்சும் முறியாத உறவு. ஜிம்முக்கு ஏற்கனவே பட்ட சூடு, இனி ஒரு ஆள நம்பி வீட்டுச் சாவிய குடுக்கிற தெம்பு இல்ல. உடம்பு ஒரு ராத்திரில கெடச்சுது, மனசு வர்றதுக்கு மிச்ச ஏழு எபிசோடு ஆகுது. மெதுவா வளர்ற காதல்னா முத்தத்த தள்ளிப் போடுறதுன்னு நெனக்கிறவங்க இத கட்டாயம் பாக்கணும்.

அதுலயே ஜிம்மோட கூடப்பொறந்தவ பையன் லீ மிங், காது கேக்காத ஹார்ட்னு ஒரு பையன சந்திக்கிறான். ஹார்ட்டுக்கு வசதியான வீடு, ஆனா பெத்தவங்க அவன் கிட்ட பேசுறதுக்கு சைகை மொழி கத்துக்கவே இல்ல, பையன் வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்குறான். இந்த லீ மிங் எதுக்கெடுத்தாலும் மாமா கூட மல்லுக்கு நிக்கிற மொரட்டுப் பையன், அவன் உக்காந்து ஒவ்வொரு சைகையா கத்துக்குறான். தப்புத் தப்பா விரல மடக்குறான், ஹார்ட் சிரிக்கிறான், திரும்ப மடக்குறான். வசனமே கெடையாது அதுல, பின்னணி சத்தம் கூட கம்மி. ஒருத்தன் கிட்ட பேசணும்ங்கிறதுக்காக இன்னொருத்தன் புதுசா ஒரு மொழிய கத்துக்குறான், இதவிட பெரிய காதல் வசனம் யாரு எழுத முடியும். இந்த சீன்கள ஓட்டி விட்டுட்டேன்னு ஒருத்தர் என் கிட்ட சொன்னாரு, மெயின் ஜோடி வரலையாம். எனக்கு அவர் கூட ரெண்டு நாள் பேச்சு வார்த்தையே இல்ல.

'ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ' பத்தி எழுதாம விட்டா எனக்கு தூக்கம் வராது. 2020, ஃபுகெட்ல நடக்குற கதை, அஞ்சே எபிசோடு, ஒவ்வொண்ணும் நல்ல நீளம். சின்ன வயசுல சண்ட போட்டுப் பிரிஞ்ச தே, ஓஏ ரெண்டு பேரும் யுனிவர்சிட்டிக்குப் போற வயசுல சீன மொழி கிளாஸ்ல மறுபடி பாத்துக்குறாங்க, ஒருத்தன் இன்னொருத்தனுக்கு சீனம் சொல்லித் தர்றான். தே தனக்கு வந்திருக்கிறது என்னன்னு தெரியாம, தெரிஞ்சதும் ஒத்துக்க முடியாம, கிட்ட வர்றதும் ஓடுறதும் தள்ளி விடுறதுமா அந்தப் புள்ளைய பாடாப் படுத்துவான். பாக்குறவங்க பாதிப் பேரு அவனத் திட்டித் தீத்தாங்க, செல்ஃபிஷ், சரியான சுயநலப் பையன்னு. அந்த வயசுல தனக்குள்ள இருக்கிறத கண்டு பயப்படுறவன் வேற எப்படி இருப்பான்? நான் பாத்ததுலயே அதிகமா எரிச்சலும் அதிகமா பாவமும் ஒரே ஆள் மேல வந்தது தே மேலதான். தே வேஷத்துல வந்த பில்கின் அழுகுற சீன்ல எல்லாம் மூக்கு ஒழுகி மூஞ்சி கோணிப் போயிருக்கும், ஹீரோ மாதிரியே இருக்க மாட்டாரு. ஓஏ வேஷத்துல வந்த பிபி கிரித் கண்ணாடி முன்னாடி நின்னு தன் உடம்பப் பாக்குற சீன்ல யாரும் ஒரு வார்த்தை பேசல, ஆனா அந்த நேரத்துக்கு நான் மூச்சு விட்டேனான்னு எனக்கே சந்தேகம்.

பழச நெனச்சுப் பாத்தா தாய் தொடர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு தெரியும். 2014-ல 'லவ் சிக்', 2016-ல 'சோட்டஸ்'. சோட்டஸ்ல சீனியர் ஆர்திட் ஜூனியர்கள போட்டு வறுத்தெடுக்குறான், ஜூனியர் கொங்பொப் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு உன்னைய என் பொண்டாட்டி ஆக்கிக்குறேன்னு சவால் விடுறான், அப்ப அது மாஸ், இப்பப் பாத்தா நெளியத்தான் தோணுது. இந்தத் தொடர்கள் நெறைய நாவல்ல இருந்து வந்தது, அந்த நாவல்கள பெரும்பாலும் எழுதுனதும் படிச்சதும் பொண்ணுங்க, அதனால ஒருத்தன் புருஷன் ஒருத்தன் பொண்டாட்டின்னு பிரிச்சு வைக்கிற பழக்கம் ரொம்ப நாள் இருந்துச்சு, எனக்கு ஆம்பளைங்கள புடிக்காது உன்னைய மட்டும்தான் புடிக்கும்னு ஒரு வசனம் வேற தொடருக்குத் தொடர் வரும். இதுல எங்க வாழ்க்கை எங்க இருக்குன்னு அந்த மாதிரி வாழுறவங்க கேட்டது நியாயம். அந்தக் கேள்விக்கு பதிலாத்தான் பின்னால வந்த நல்ல தொடர்கள நான் பாக்குறேன். ஆனா சோட்டஸ் பதினஞ்சு எபிசோடும் நான் பாத்தேன், ஆர்திட் குடிக்கிற அந்த பிங்க் மில்க்கும் பாங்காக் ராமா 8 பாலமும் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, அதையும் ஒத்துக்கணும்ல.

ரசிகர்கள் கிட்ட எனக்கு புடிக்காத ஒண்ணு, நடிச்ச ரெண்டு பேரும் நிஜத்துலயும் ஜோடியா இருக்கணும்ங்கிற அடம். கம்பெனிகளும் அத வளத்து விட்டு, ஜோடி ஜோடியா மேடை ஏத்தி, ஜோடி ஜோடியா விளம்பரத்துல நடிக்க வச்சு காசு பாக்குது. தொடர் முடிஞ்சு வேற ஒருத்தர் கூட நடிச்சா துரோகமாம், காதலி இருந்தா துரோகமாம். அந்தப் பசங்க பாவம், வேலைக்கு வந்தவங்க. திரைல மெதுவா வளந்த காதல ரசிக்கிற அளவுக்கு பொறுமை இருக்கிறவங்களுக்கு திரைக்கு வெளிய அந்த ரெண்டு பேர சும்மா விடுறதுக்கு மட்டும் பொறுமை இல்லாம போறது எனக்குப் புரியவே இல்ல.

கடைசியா உங்களுக்கு ஒரு கோரிக்கை ஐயா. விமர்சனம் எழுதுறவங்க எத்தனாவது எபிசோடு வரைக்கும் பாத்தாங்கன்னு கீழ ஒரு வரி போடச் சொல்லுங்க, உங்க கட்டுரைல மூணாவது எபிசோடத் தாண்டி ஒரு சம்பவம் கூட இல்ல, இதயம் யாரோடதுன்னு பூபாவுக்கு தெரிய வர்ற எடத்தப் பத்தி ஒரு வரி இல்லாம அந்தத் தொடர எப்படி ஒருத்தர் விமர்சனம் பண்ண முடியும்? அப்புறம் அதே பக்கத்துல பெரிய போட்டோ ஒண்ணு போட்டு, அதுக்குக் கீழ கடைசி சீன் என்னன்னு ஒரு வரில எழுதிட்டீங்க. நான் கூட மேல எச்சரிக்கை குடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். என் தங்கச்சி ஏழாவது எபிசோடுல இருந்தா, பேப்பர வச்சுட்டு என்னைய மொறச்சா, என்னமோ அத எழுதுனது நான்தான்ங்கிற மாதிரி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி